ஆறாம் இயலின் முதல் பாடம்

2019 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிய தமிழ்ப் பாடநூல் வந்தது. மை வாசம் போகாத நூலை வீட்டுக்கு எடுத்துப்போய், பொருளடக்கத்தில் விரல் வைத்து இறங்கிக்கொண்டே வந்தேன். ஆறாம் இயலில் விரல் நின்றுவிட்டது. முதல் பாடம் ‘திரைமொழி’. சினிமா எப்படிப் பேசுகிறது என்று விளக்கும் உரைநடை. அதே இயலில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல். துணைப்பாடமாக, சிவாஜி கணேசனைச் சந்தித்ததைப் பற்றிப் பாலச்சந்திரன் சுள்ளிக்காடு எழுதிய ‘நடிகர் திலகம்’. அரசுப் பள்ளித் தமிழாசிரியையாக எத்தனையோ பாடநூல்களை வாங்கிப் புரட்டியிருக்கிறேன். பழைய அரங்கையும் புதிய திரையையும் ஒரே இயலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று யாரோ மெனக்கெட்டு யோசித்திருக்கிறார்கள். அந்த எண்ணமே எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

சினிமாவுக்கும் படிப்புக்கும் ஆகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். செட்டிகுளத்தை ஒட்டிய சிற்றூர் எனக்கு. நான் சிறுமியாக இருந்தபோது பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகவில்லை. 1995 வரை நாங்கள் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். அறுவடை முடிந்த நிலத்தில் டூரிங் கொட்டாய் போடுவார்கள். மணல் தரை, நடுவில் இடுப்பளவு தட்டி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டுக் கேட்டால், வெங்காயக் காட்டில் குனிந்திருக்கும் பெண்களின் கை வேகமாக ஓடும். அம்மாச்சி என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போவார். படம் பாதியில் தூங்கிவிடுவேன். எப்போது விழித்தாலும் இருட்டில் அத்தனை முகங்களிலும் ஒரே வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். திரையில் ஓடிய கதைகள் மறந்துவிட்டன. அந்த முகங்கள் மறக்கவில்லை.

மறுநாள் காலையில் வகுப்பில் வாத்தியார் முதல் வேலையாக, “நேத்து கொட்டாய்க்குப் போனதெல்லாம் எந்திரிங்க” என்பார். எழுந்தவர்களுக்கு உள்ளங்கையில் பிரம்படி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரே அப்படித்தான் நினைத்தது. ஆனால் அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று திரையோடு உறவுள்ளவர்களை முதலமைச்சர்களாக ஏற்றுக்கொண்ட மாநிலத்தில், ஒரு காட்சியை எப்படிப் பார்ப்பது என்று ஒரு குழந்தைக்குக்கூட நாம் சொல்லித்தரவில்லை. யாப்பு சொல்லித்தந்தோம். அணி சொல்லித்தந்தோம். ஊர் முழுவதும் இரவும் பகலும் பார்த்த ஒன்றுக்கு மட்டும் இலக்கணம் இல்லை என்று விட்டுவிட்டோம்.

அதனால் ‘திரைமொழி’யை நான் மற்றப் பாடங்களைப்போல் வாசித்துப் பொருள் சொல்லி முடிக்க விரும்பவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன் அந்த இயலுக்கு வந்து சேர்ந்தபோது, பாடத்தைத் தொடங்கும் முன் அறையை இருட்டாக்கச் சொன்னேன்.

எங்கள் மாடி வகுப்பறையின் ஒரு சன்னல் மலையைப் பார்த்திருக்கும். கையில் கரும்போடு தண்டாயுதபாணி நிற்கும் மலை. சன்னல்களையும் கதவிடுக்கையும் கறுப்புச் சார்ட் ஒட்டி அடைத்தோம். மலைப்பக்கச் சன்னலில் மட்டும் விரல் நுனி அளவுக்கு ஒரு துளை. எதிரே இரண்டு பெண்கள் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் ஆனது. பிறகு ஒரு பையன், “டீச்சர், மலை!” என்று கத்தினான். வேட்டியில் மலை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கோபுரம் கீழே, பாறை மேலே. வானத்தின் நீலம் அடியில் தேங்கி நின்றது. சாலையில் போன ஒரு மொபெட் தலைகீழாக, எதிர்த்திசையில் போனது. மின்சாரமும் இல்லை, கருவியும் இல்லை. வெளிச்சம் நேர்கோட்டில் செல்லும் என்று அறிவியல் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான். அந்த நேர்கோடு தங்கள் ஊர் மலையைத் தூக்கி வந்து வகுப்பறைக்குள் போடும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் யாரும் சார்ட்டைக் கிழிக்க விடவில்லை. இயற்பியல் ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, தன் பிரிவேளையையும் அந்த இருட்டிலேயே எடுத்தார்.

வெளிச்சத்திலிருந்து தொடங்கியதால் அரங்கேற்று காதைக்குப் போவது எளிதாயிற்று. மாதவி ஆடப்போகும் அரங்கை இளங்கோ அடிகள் அளந்து காட்டுகிறார். இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது விளக்கு வைத்த செய்தி. தூண்களின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி, புறத்தே போகுமாறு விளக்குகளை நிறுத்தினார்கள் என்கிறார் அவர். ஆடுபவளின் முகத்தில் நிழல் விழக்கூடாது என்று ஒருவர் கவலைப்பட்டு, விளக்கை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்திருக்கிறார். ஒளிப்பதிவாளர் இன்று செய்யும் வேலையும் அதுதான். பல ஆண்டுகளாக அந்த வரியை நான் பொருள் சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த ஆண்டுதான் செல்பேசி விளக்கைக் கையில் கொடுத்து, ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி, நாற்காலியைத் தூணாக வைத்து, நிழல் அவள்மேல் விழாமல் விளக்கு வைக்கச் சொன்னேன். ஒருவர் பின் ஒருவராக வந்து வைத்துப் பார்த்தார்கள். அந்த வரியை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. கேட்டால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பாடத்தில் குலஷோவ் விளைவு என்று ஒரு செய்தி வரும். லெவ் குலஷோவ் ரஷ்ய இயக்குநர். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், இவான் மொஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்துக்கொண்டார். அதையடுத்து ஒருமுறை சூப் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டியில் குழந்தை, ஒருமுறை சாய்ந்திருக்கும் பெண் என்று ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றே. பார்த்தவர்களோ நடிகர் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் காட்டினார் என்றார்கள். உணர்ச்சி அந்த முகத்திலும் இல்லை, கிண்ணத்திலும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவரின் மனத்தில் பிறந்தது.

இதை ரஷ்யாவோடு விட்டுவிட மனம் வரவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனைச் சுவரைப் பார்க்கச் சொல்லி, “எதையும் நினைக்காதடா” என்று என் செல்பேசியில் படம் பிடித்தேன். பிறகு சத்துணவுத் தட்டு ஒன்று, அரசு கொடுத்த புதுச் சைக்கிள் ஒன்று. மூன்றாவது படத்தைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். அழுகிய வெங்காயம்.

எங்கள் பக்கம் சின்ன வெங்காயம்தான் எல்லாம். பெரம்பலூர் மாவட்டத்து வெங்காயம் என்றால் வியாபாரிகள் செட்டிகுளத்தையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். 2019 கடைசியில் வெங்காய விலை நாடெங்கும் ஏறியது. தொலைக்காட்சியில் அதுவே பேச்சு. என் வகுப்புப் பிள்ளைகள் பலரின் வீட்டிலோ விற்கக் காய் இல்லை. மழை ஈரத்தில் நோய் விழுந்து, பறிக்கும் முன்பே மண்ணுக்குள் அழுகியிருந்தது. விலை இருக்கும்போது காய் இராது, காய் இருக்கும்போது விலை இராது என்பது இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் தெரிந்த துயரம்.

மூன்று படங்களையும் அந்தப் பையன் முகத்தோடு மாற்றி மாற்றிச் சேர்த்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்துப் பிரிவுக்குக் காட்டினோம். தட்டுக்குப் பிறகு, “பசியில இருக்கான்” என்றார்கள். சைக்கிளுக்குப் பிறகு, “உள்ளுக்குள்ள சிரிக்கிறான் டீச்சர்” என்றாள் ஒருத்தி. வெங்காயத்துக்குப் பிறகு அறை அமைதியாகிவிட்டது. ஒரு பையன் மட்டும், “அவுங்க அப்பா கடன் வாங்கியிருப்பாரு” என்றான். சுவரைப் பார்த்த முகத்தில் கடன் எங்கே இருக்கிறது? அவன் வீட்டில் இருந்தது. அதை அந்த முகத்தில் ஏற்றிப் படித்துவிட்டான்.

அங்கிருந்து மெய்ப்பாட்டியலுக்குப் போனேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் சொல்கிறார். “அந்த வெங்காயப் படத்தைப் பார்த்தபோது இவற்றில் எது?” என்று கேட்டேன். இழவு என்று பாதிப் பேர், வறுமை என்று பாதிப் பேர். வாதம் மூண்டது. பயிர் போனது இழவு, அதனால் வருவது வறுமை, ஆகவே படத்தில் இருப்பது இழவு மட்டும்தான், வறுமை நாமே சேர்த்தது என்றாள் ஒரு பெண். இலக்கண வகுப்பில் இப்படி ஒரு விடையை நான் அதுவரை கேட்டதில்லை. மெய்ப்பாட்டைக் கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணர வேண்டும் என்று சூத்திரம் செய்தவருக்குச் சினிமா தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு விதமாகச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

அந்த வாரங்களில் நான் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பில் வழக்கமாக முதலில் பேசும் பிள்ளைகள் பின்தங்கினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய இரண்டு மூன்று பேர் முன்னால் வந்தார்கள். கேமரா எங்கே நிற்கிறது, ஆள் ஏன் ஓரத்தில் நிற்கிறான், சத்தம் எப்போது நின்றது என்றெல்லாம் அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஆடு மேய்க்கும் பிள்ளைக்குத் தொலைவில் ஒரு புள்ளி அசைந்தாலும் தெரியும். அந்தக் கண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் அதுவரை மதிப்பெண் இல்லை.

தேர்வு வந்தது. 2020 மார்ச் 2ஆம் தேதி தமிழ்த் தேர்வு. ‘பார்த்த திரைப்படம் ஒன்றுக்கு விமர்சனம் எழுதுக’ என்பது பாடநூலிலேயே உள்ள வினா. தேர்வுக்கு முந்தைய மாதங்களில் கடையில் வாங்கிய வழிகாட்டி நூல் ஒன்று பிள்ளைகள் கையில் புழங்கியது. அதில் அந்த வினாவுக்கு விடை தயாராக இருந்தது. முன்னுரை, கதை, இசை, ஒளிப்பதிவு, முடிவுரை என்று உட்தலைப்புகளோடு. திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்தியபோது அடுத்தடுத்து ஒரே படம், ஒரே வாக்கியங்கள். அந்தப் படத்தைப் பாராதவர்களும் அதன் ஒளிப்பதிவு அருமை என்று எழுதியிருந்தார்கள். குலஷோவுக்கும் தொல்காப்பியருக்கும் இடையே வழக்காடிய பெண்ணின் தாளிலும் அதுவேதான். ஏன் என்று கேட்டேன். “என் மனசுல இருக்கிறதை எழுதினா மார்க்கு வருமா டீச்சர்?” என்றாள். அந்தக் கேள்வி இன்றும் என்னோடு இருக்கிறது. சினிமாவைப் பாடமாக்க வேண்டும் என்று பேசுகிற எவரும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். பார்க்காத படத்துக்கு விமர்சனம் எழுத வைப்பதைவிடப் பிரம்படியே மேல் என்று நினைக்கும் அளவுக்கு அன்று வேதனைப்பட்டேன்.

பிறகு கொரோனா. பள்ளி பூட்டிக் கிடந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. பள்ளி திறந்தபோது வந்த பிள்ளைகள் வேறு பிள்ளைகள். எல்லார் வீட்டிலும் ஒரு செல்பேசி வந்திருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் எந்தக் காட்சியிலும் அவர்கள் கண் தங்கவில்லை. முன்பு சினிமா பார்க்காதே என்று சொன்னோம். இப்போது கண்ணை விட்டு அகலாத திரையோடு பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் படிக்கக் கற்றுத்தருவதை இனித் தள்ளிப்போட முடியாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

2022இல் பள்ளிக் கல்வித்துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. படம் காட்டுவதோடு முடிந்துவிடாமல், பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச வேண்டும், எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆகஸ்டில் முதல் படம் சாப்ளினின் ‘தி கிட்’. 1921இல் வந்த பேசாப் படம். சக ஆசிரியர்கள் சிலர் தயங்கினார்கள். நூறாண்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படம், வசனம் கிடையாது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் உட்காருவார்களா என்று. நியாயமான கவலைதான்.

உட்கார்ந்தார்கள். தாய் விட்டுச்சென்ற குழந்தையை ஒரு நாடோடி எடுத்து வளர்க்கிறான். வளர்ந்த பையன் தெருவில் சன்னல் கண்ணாடிகளைக் கல்லால் உடைத்துவிட்டு ஓடுவான். பின்னாலேயே கண்ணாடி போடுகிறவனாக அந்த நாடோடி வருவான். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பையனை அநாதை விடுதிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றும் காட்சியில், ஜாக்கி கூகன் கைகளை நீட்டி அழும்போது, ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு விசும்பல் கேட்டது. சாப்ளின் கூரைக்குக் கூரை தாவி ஓடினார். பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். வசனம் இல்லாததால் மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கவில்லை. லண்டனில் வறுமையில் வளர்ந்து, தாயைப் பிரிந்து அநாதைப் பள்ளியில் இருந்த ஒரு சிறுவன், பெரியவனான பின் எடுத்த படம் அது என்று முடிவில் சொன்னேன்.

“என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். ‘கதை என்ன’ என்று கேட்கக் கூடாது என்பதை அதற்குள் கற்றிருந்தேன். கதை கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். பையன் அடுப்படியில் நின்று தோசை மாதிரி ஒன்று சுட்டு அடுக்குகிறான், பெரியவர் படுக்கையில் படுத்துப் பேப்பர் படிக்கிறார், அவன் வந்து கூப்பிடுகிறான். “எங்க வீட்லயும் அப்பிடித்தான் டீச்சர். அம்மா காட்டுக்குப் போனா நான்தான் சமைப்பேன். ஆனா படத்துல ரெண்டு பேரும் சமமாப் பங்கு போட்டுக்கிட்டாங்க.” அவள் கவனித்ததை நான் எத்தனையோ முறை பார்த்தும் கவனித்ததில்லை. அந்தப் பங்கீட்டை எண்ணி எண்ணிச் செய்வதில் அன்பு முழுவதையும் சாப்ளின் வைத்திருக்கிறார்.

என் சொந்த விருப்பத்தில் வேறொரு நாள் ‘தி ரெட் பலூன்’ காட்டினேன். ஆல்பர்ட் லமோரிஸ் 1956இல் எடுத்த பிரெஞ்சுப் படம். அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். பாரிசின் பழைய தெருக்களில் ஒரு சிவப்புப் பலூன் ஒரு சிறுவனைப் பின்தொடர்ந்து போகும். இயக்குநரின் மகன்தான் நடித்தவன். பங்குனி உத்திரத் தேரோட்டத்துக்கு வரும் பலூன்காரரைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு அதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத நூல் கட்டியிருக்க வேண்டும் என்று ஒருவன் சரியாகவே கண்டுபிடித்தான். “நூல் இருக்குன்னு தெரிஞ்சப்புறமும் பலூன் செத்தப்ப ஏன் டீச்சர் அழுகை வருது?” என்று அடுத்து அவனே கேட்டான். அந்தக் கேள்விக்காகவே ஒரு பாடத்திட்டம் எழுதலாம்.

எழுதியும் இருக்கிறார்கள், வேறு இடங்களில். பிரான்சில் நடுநிலை மாணவர்களைப் பள்ளி நேரத்திலேயே திரையரங்குக்கு அழைத்துப்போய்ப் படம் பார்க்கவைத்து வகுப்பில் பேசும் திட்டம் 1989இல் தொடங்கியது. 1994இல் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அங்கே பள்ளி இறுதித் தேர்வில் சினிமாவை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இங்கிலாந்தில் மேல்நிலையில் ‘ஃபிலிம் ஸ்டடீஸ்’ தனிப் பாடம். அனைத்துலக ஐ.பி. பாடத்திட்டத்திலும் உண்டு. நம் நாட்டில் சி.பி.எஸ்.இ. மேல்நிலையில் ஊடகப் படிப்பு ஒரு திறன் பாடமாக இருக்கிறது. எங்கள் மாணவர்கள் படிக்கும் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு தமிழ்ப் பாடமும் மாதம் ஒரு படமும் இருக்கின்றன. தரமணியில் அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே சேர வேண்டும் என்ற நினைப்பு வருவதற்கே பள்ளியில் யாராவது ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தனியார் கல்லூரிகளில் விஸ்காம் படிக்க வெங்காயக் காட்டுக் கூலியில் பணம் சேராது.

எங்கள் பிள்ளைகளுக்குச் சினிமாவில் அந்நியம் ஏதுமில்லை. திருச்சியில் ரயில்வே வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டப் புறப்பட்டார். தென்னிந்தியாவில் சினிமா கிராமத்துக்கு நடந்து வந்த வழி அது. பின்னாளில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவரே. மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தின் நாயகன் பாகவதர் வளர்ந்ததும் திருச்சியில்தான். இந்த வரலாற்றை நமக்குத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் தியடோர் பாஸ்கரன். அவர் நூல்களைப் படித்த பிறகுதான், அம்மாச்சி என்னைத் தூக்கிப்போன கொட்டாய்க்கு ஒரு வம்சாவளி உண்டு என்று எனக்குத் தெரிந்தது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து சினிமாவுக்கு வாரம் இரண்டு பிரிவேளை, கால அட்டவணையில் அச்சாகி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். விளையாட்டுப் பிரிவேளையைப்போல் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ள முடியாதபடி. எழுத்துத் தேர்வு வேண்டாம். பிள்ளைகள் படம் எடுக்கட்டும், ஏன் அப்படி எடுத்தோம் என்று எழுந்து பேசட்டும், அதற்கு மதிப்பெண் போடலாம். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு இருக்கிறதே.

படம் எடுத்தும் பார்த்தோம். ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், என் செல்பேசி, ஒரு விடுமுறை நாள். எதை எடுப்பது என்று கேட்டபோது முதலில் சண்டைக் காட்சி என்றார்கள். பிறகு பேய்க்கதை. கடைசியில் வெங்காயம் என்று முடிவானது. களத்து மேட்டில் பட்டறை போடுமுன், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாள் அரிவார்கள். மடியில் குவியல், கையில் சிறு அரிவாள். பேச்சும் நிற்காது, கையும் நிற்காது.

பையன்கள் நின்றபடி எடுத்துவிட்டு வந்தார்கள். போட்டுப் பார்த்தோம். உச்சந்தலைகளும் வெங்காயக் குவியலும். “நல்லாத்தான இருக்கு” என்றார்கள். கூட இருந்த ஒரு பெண்ணின் அம்மாவும் அந்த வட்டத்தில் இருந்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. “இது மேஸ்திரி பாக்குற மாதிரி இருக்கு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு செல்பேசியை வாங்கிக்கொண்டு போய் வட்டத்துக்குள் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்தாள். கைகளின் உயரத்தில் கேமரா. அரிவாள் நுனி, கறுத்த கட்டைவிரல், பறக்கும் சருகு, அதற்குப் பின்னால் நிமிர்ந்து சிரிக்கும் முகங்கள். ஒரே களம், ஒரே பெண்கள், ஒரே வெயில். இரண்டும் வேறு வேறு படங்கள். கேமராவின் கோணம் பற்றிப் பாடநூல் பக்கங்களில் எழுதியிருந்ததை அவள் ஒரு சாக்கில் உட்கார்ந்து செய்துகாட்டிவிட்டாள்.

எடுத்ததைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. பேச்சுவாக்கில் ஒரு பெண், விலை ஏறினாலும் தங்கள் கூலி மட்டும் ஏறுவதில்லை என்று சொன்னது பதிவாகியிருந்தது. காட்டுக்காரர், படம் எடுத்த பையன் ஒருவனுக்கு மாமா முறை. அந்தப் பேச்சை வெட்டிவிட வேண்டும் என்றான் அவன். வெட்டினால் படத்தில் என்ன இருக்கிறது என்றாள் சாக்கில் உட்கார்ந்தவள். அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டால் யார் பொறுப்பு என்று இன்னொருவன் கேட்டான். அவன் கேட்டதும் நியாயம். யாரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சினிமா தணிக்கையைப் பற்றியும் ஆவணப்பட அறத்தைப் பற்றியும் பெரியவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் அதே வழக்கு, எங்கள் கணினி அறையில் நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் அந்த அக்காவையே கேட்டுவிடுவோம் என்று போனார்கள். படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு முறை பார்த்தார். “என் பேச்ச வெட்டாதீங்க கண்ணுங்களா. மூஞ்சிய வேணும்னா வெட்டிக்கங்க” என்றார்.

திரும்பி வந்து அப்படியே செய்தார்கள். அந்த இடத்தில் முகத்தை எடுத்துவிட்டு, எல்லாருடைய கைகளும் தெரியும் காட்சியை வைத்து, அவர் குரலை அதன்மேல் ஓடவிட்டார்கள். யாருடைய குரல் என்று சொல்ல முடியாது, வட்டத்தில் உட்கார்ந்திருந்த எவருடையதாகவும் இருக்கலாம். படமும் ஒலியும் தனித்தனியே பிரியும், வேறு விதமாகச் சேரும் என்பதை அவர்களுக்கு நான் அதுவரை சொல்லித்தரவில்லை. மாமா முறைக்காரப் பையன்தான் அந்த வெட்டை எந்த நொடியில் வைப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்தான்.

அடுத்த வாரம் படத்தில் சேராத பிள்ளைகள் வந்து, தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பருத்திக் காடு, கோழிப்பண்ணை, தாத்தாவின் டீக்கடை என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியரிடம் பேசி வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையைக் கேட்டு வாங்கினேன். இப்போது ஒரு செல்பேசி போதவில்லை.